ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைச்சொற்கள்: திருப்பூர் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் அலுவலக அறைகளிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் மெயில்களில் ஒரு வரி அடிக்கடி வரும். சரக்கு போயாகிவிட்டது என்று பையருக்குச் சொல்ல வேண்டும். எழுதுபவர் 'வீ செண்ட் த கூட்ஸ்' என்று எழுதிவிடுகிறார். டீ நிற்க வேண்டிய கடைசி இடத்தில் டி நிற்கிறது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ அமர்ந்து அதைப் படிப்பவருக்கு 'அனுப்பினோம்' என்ற பொருள் கிடைப்பதில்லை. 'அனுப்புவது வழக்கம்' என்றோ 'அனுப்புகிறோம்' என்றோதான் அவர் எடுத்துக்கொள்வார். உடனே, சரக்கு கிளம்பியதா இல்லையா, எந்தத் தேதியில் என்று கேட்டு மறு மெயில் வரும். அங்கே இரவு, இங்கே பகல் என்று ஒரு நாள் வீணாகும். கப்பல் தேதிக்கு நெருக்கத்தில் ஒரு நாள் என்றால் என்ன விலை என்பதை இந்த ஊரில் யாருக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

1925 வாக்கில் குலாம் காதர் அவர்கள் தொடங்கிய பேபி நிட்டிங் கம்பெனிதான் திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி என்று இத்தொழிலின் வரலாற்றில் எழுதுகிறார்கள். அன்று சரக்கு உள்நாட்டுக்குள் போனது. கணக்கும் கடிதமும் தமிழில் முடிந்தன. 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கியது முதல் ஊரின் நிலைமை மாறியது. இன்று கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் தமிழிலும் இந்தியிலும் நடக்கலாம். சாம்பிளுக்கு ஒப்புதல் வாங்குவதும் டேமேஜுக்குப் பதில் சொல்வதும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. செக்கிங் மேசையில் பத்து ஆண்டு நின்று துணியின் ஒவ்வொரு குறையையும் அறிந்த நம் பிள்ளை அங்கேயே நிற்கிறான். துணியைத் தொட்டுப் பாராத ஒருவர் நாலு வரி ஆங்கிலம் சரியாக எழுதத் தெரிந்ததால் மெர்ச்சண்டைசர் நாற்காலியில் அமர்கிறார். இந்த நிலை பல வீடுகளுக்குத் தெரியும்.

நாலு வரி ஆங்கிலம் பெரும்பாலும் எங்கே வழுக்குகிறது என்று பார்த்தால் வினைச்சொல்லில்தான். அதிலும் ஒழுங்கற்ற வினைச்சொற்களில். அவற்றை வீட்டில் வைத்தே எப்படிப் படிப்பது, படிப்பிப்பது என்பதை இங்கே எழுதுகிறோம்.

ஒழுங்கற்றது என்றால் என்ன

ஆங்கில வினைக்கு மூன்று வடிவங்கள். பள்ளியில் இவற்றை மூன்று பத்திகளாக எழுதிக் கொடுப்பார்கள். பேக், பேக்ட், பேக்ட். ஸ்டிட்ச், ஸ்டிட்ச்ட், ஸ்டிட்ச்ட். இப்படிக் கடைசியில் இ, டி என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் இறந்தகாலம் வந்துவிடுமானால் அது ஒழுங்கான வினை. ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கான வினைகள் இந்த வகையே. இதற்கு அடங்காமல் 'பை, பாட், பாட்' என்றும் 'வியர், வோர், வோர்ன்' என்றும் தன் போக்கில் நடப்பவை ஒழுங்கற்றவை. இலக்கண நூல்களின் பட்டியல்களில் இவை ஏறக்குறைய 200 இருக்கும். அண்டர்ஸ்டாண்ட், ஓவர்கம், வித்ட்ரா போல முன்னே ஒரு துண்டு ஒட்டியவற்றைத் தாய்வினையோடு சேர்த்துவிட்டு, இன்று யாரும் பேசாதவற்றையும் தள்ளிவிட்டால், நூற்றுக்குச் சற்று மேலே உள்ள எண்ணிக்கையே வாழ்க்கைக்குப் போதும்.

நூறுதானே என்று அலட்சியப்படுத்தவும் கூடாது. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வழங்கும் வினைகளை எண்ணி எடுத்தால் முதல் பத்தும் ஒழுங்கற்றவையாகவே இருக்கின்றன: பீ, ஹேவ், டூ, சே, கோ, கெட், மேக், நோ, டேக், சீ. இவை இல்லாமல் ஐந்து நிமிடம் பேச முடியாது.

இது ஏன் இப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மிகப் பழைய ஆங்கிலத்தில் உயிரொலியை மாற்றியே இறந்தகாலத்தைக் காட்டும் வினைகள் முந்நூறுக்கு மேல் இருந்தன. காலப்போக்கில் பல வினைகள் இ-டி கூட்டத்தில் சேர்ந்துகொண்டன. இன்று 'ஹெல்ப்ட்' என்கிறோம். ஒரு காலத்தில் அது 'ஹோல்ப்' என்று இருந்தது. 2007இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை எடுத்துக்கொண்டு அவற்றின் கதியைத் தேடியது. அவற்றில் 98 மட்டுமே இன்றும் ஒழுங்கற்றவையாக நிற்கின்றன. அடிக்கடி பேசப்பட்டவை பழைய உருவத்திலேயே நிலைத்தன. எப்போதாவது வந்தவை மாறிப்போயின. நாள்தோறும் நடக்கும் தடத்தில் புல் முளைக்காது அல்லவா, அதுபோல.

'கோ' என்பதன் இறந்தகாலம் 'வெண்ட்' ஆனது இன்னொரு கதை. 'வெண்ட்' உண்மையில் வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ' தன் சொந்த இறந்தகாலத்தை இழந்து அதை இரவல் வாங்கிக்கொண்டது. இது விசித்திரம் என்று நினைப்பவர்கள் உர்து பேசும் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 'ஜாதா' என்று சொல்லும் அதே வாய் நேற்றைக்குப் போனதை 'கயா' என்கிறது. ஜாவுக்கும் கயாவுக்கும் என்ன ஒட்டு? ஆனாலும் எந்தக் குழந்தையும் அதில் தடுமாறுவதில்லை.

தமிழ் மட்டும் என்ன, எல்லாம் ஒழுங்கா? செல் என்றால் சென்றான். சொல் என்றால் சொன்னான். நில் என்றால் நின்றான். வெல் என்றால் வென்றான். எல்லாம் ல் என்றே முடிகின்றன, ஆனால் 'சொல்' மட்டும் தனி வழியில் போகிறது. வா வந்தான் ஆகிறது. போ போனான் ஆகிறது. சா செத்தான் ஆகிறது. நம் கம்பெனிகளில் வேலை செய்யும் பீகார், ஒடிசா தொழிலாளர்கள் தமிழ் பேசக் கற்கும்போது இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நாம் விழாததற்குக் காரணம் இலக்கண அறிவு அல்ல. காது பழகிவிட்டது, அவ்வளவுதான். அப்படியானால் ஆங்கிலத்துக்கும் காதைப் பழக்குவதே வழி.

சர்ஃப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல

மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இந்தப் பாடம் பாதி முடிந்தது என்றே சொல்லலாம். அரபியில் ஒரு மாளீ வினையைப் பதினான்கு ஸீகாக்களாக விரித்து ஒப்பிப்பார்கள். ஆண், பெண், ஒருவர், இருவர், பலர், முன்னிலை, தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு. ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு ஒரே உருவம்தான். ஐ வெண்ட், யூ வெண்ட், ஹீ வெண்ட், ஷீ வெண்ட், தே வெண்ட். ஆணும் பெண்ணும் ஒருமையும் பன்மையும் எல்லாம் அதற்குள்ளேயே. வாஸ், வேர் என்ற இரட்டை மட்டும் விதிவிலக்கு. பதினான்கை மனனம் செய்த நாவுக்கு மூன்று ஒரு பாரமா?

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 'கால, யகூலு' என்பதில் மாளீயில் மறைந்திருந்த வாவ் முளாரிஃயில் வெளியே வருகிறது. வாவ், யே, அலிஃப் ஆகிய மூன்றையும் அரபு இலக்கணத்தார் நோயுற்ற எழுத்துகள் என்பார்கள். அவை புகுந்த வினை முஃதல்ல். அவற்றையும் சேர்த்து வினைகளை ஏழு வகையாகப் பிரித்து ஓதுவோம். ஆங்கிலத்தில் பெயர் நேரெதிர். யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர் 1819இல் வெளிவந்த தம் இலக்கண நூலில், உயிரொலியை மாற்றிக்கொள்ளும் வினைகளை வலிமையானவை என்றும், வெளியிலிருந்து ஓர் ஒட்டு வாங்கிக்கொள்பவற்றை மெலிந்தவை என்றும் அழைத்தார். நம் நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறை புழங்கிய ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலும் இந்த வலிமை, மெலிவுப் பிரிவைச் சொல்லும். பெயர் எதுவானாலும், வகை பிரித்து ஓதினால் மனதில் நிற்கும் என்பதே சர்ஃபிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

கடைகளில் விற்கும் ஸ்பீக்கிங் கோர்ஸ் புத்தகங்கள் பலவற்றின் பெரிய குறையும் இங்கேதான். அவை வினைகளை அகர வரிசையில் அடுக்குகின்றன. முதல் பக்கத்திலேயே 'அபைட்', 'அரைஸ்' என்று தொடங்கும். தன் வாழ்நாளில் ஒரு தடவைகூடச் சொல்லப் போகாத சொல்லில் பிள்ளை முதல் நாளே களைத்துப் போகிறான்.

ஓசையால் சேர்த்துப் படியுங்கள்

முதலில் எதுவுமே மாறாத கூட்டம். கட், கட், கட். புட், புட், புட். கட்டிங் மேசைக்காரர்களுக்குப் பிடித்த கூட்டம் இது: ஸ்பிரெட், செட், ஷட், ஸ்பிளிட், ஹர்ட், லெட், காஸ்ட் எல்லாம் இதில் வரும். படிக்கச் சுலபம், எழுதும்போது ஆபத்து. 'வீ கட் டூ தௌசண்ட் பீசஸ்' என்று எழுதினால் வெட்டினீர்களா, வெட்டுவீர்களா என்று வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்தக் கூட்டத்துச் சொல்லை எழுதும்போது நாளையும் சேர்த்து எழுதுங்கள்: 'எஸ்டர்டே', 'ஆன் மண்டே'. இல்லையென்றால் 'ஹேவ் கட்' என்று முடித்துக் காட்டுங்கள்.

அடுத்து, கடைசி டி டீயாகும் கூட்டம். செண்ட் சென்ட் ஆகும். லெண்ட், ஸ்பெண்ட், பெண்ட் எல்லாம் அப்படியே. பில்ட் என்பதும் இதே வழி. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ட இருப்பதால் புத்தகத்தில் படித்தால் வேறுபாடு தெரியாது, காதிலும் விழாது. ஒரு வழி சொல்கிறோம். அனுப்புவதைச் சொல்லும்போது 'வண்டி'யில் வரும் ண்ட் ஒலியை நினையுங்கள். அனுப்பியதைச் சொல்லும்போது ஜும்ஆவுக்குப் போகுமுன் சட்டையில் தடவும் சென்ட்டை நினையுங்கள். இரண்டு சொல்லுக்கும் உச்சரிப்பு அச்சு அசலாக ஒன்றே.

கீப், கெப்ட், ஸ்லீப், ஸ்லெப்ட், ஸ்வீப், ஸ்வெப்ட், வீப், வெப்ட் என்பது ஒரு குடும்பம். ஃபீல், ஃபெல்ட், லீவ், லெஃப்ட் என்பவை அதன் பங்காளிகள். மீட், மெட், லீட், லெட், ஃபீட், ஃபெட் இன்னொரு குடும்பம். இதில் 'ரீட்' மட்டும் எழுத்தில் மாறாமல் ஒலியில் மட்டும் 'ரெட்' ஆகும். செல், சோல்ட், டெல், டோல்ட் என்று இரண்டே பேர் கொண்ட சிறு குடும்பமும் உண்டு.

'ஆட்' என்று முடிபவை ஏழு பேர்: பை, பிரிங், திங்க், ஃபைட், சீக், கேட்ச், டீச். இவற்றில் வாங்கினான் 'பாட்', கொண்டுவந்தான் 'பிராட்'. இடையில் ஒரு 'ர' மட்டும்தான் வேறுபாடு. நூல் வாங்கினோம் என்பதற்கும் நூல் கொண்டுவந்தோம் என்பதற்கும் கணக்கில் எவ்வளவு தூரம் என்று பில் போடுகிறவர்களுக்குத் தெரியும். பிரிங்கில் ர இருப்பதால் பிராட்டிலும் ர இருக்கும். பையில் இல்லாததால் பாட்டிலும் இராது. இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

சிங், சேங், சங் போல மூன்றும் மாறும் கூட்டத்தில் டிரிங்க், ரிங், சிங்க், ஸ்விம், பிகின் ஆகியவை வரும். ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன். பிரேக், புரோக், புரோக்கன். ரைட், ரோட், ரிட்டன் என்று ன் ஒலியில் முடியும் கூட்டம் பெரியது. நோ, நியூ, நோன். குரோ, குரூ, குரோன். துரோ, துரூ, துரோன் என்பதும் அதைச் சேர்ந்ததே. கம், கேம், கம். ரன், ரேன், ரன் என்று போய்த் திரும்பி வருபவை மிகச் சிலவே.

கம்பெனிக்குள் ஏற்கனவே இருக்கும் மூன்றாம் பத்தி

பிள்ளைகளுக்கு மூன்றாம் பத்திதான் எதற்கு என்றே புரியாது. பரீட்சைக்காக மனனம் செய்து மறந்துவிடுவார்கள். ஆனால் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அத்தாவும் அண்ணனும் அந்த மூன்றாம் பத்தியைத் தினமும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

'ஓவன் லேபிள்' என்கிறோமே, அந்த ஓவன் 'வீவ், வோவ், வோவன்' என்பதன் மூன்றாம் வடிவம், நெய்யப்பட்ட லேபிள். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறியில் ஓடுவது வீவிங். திருப்பூரில் ஓடுவது நிட்டிங். தையல் நூலில் 'ஸ்பன்' என்பது 'ஸ்பின்' என்பதன் இரண்டாம், மூன்றாம் வடிவம்; நூற்கப்பட்டது. செக்கிங்கில் 'புரோக்கன் ஸ்டிட்ச்' என்று பீஸை ஒதுக்குகிறார்கள். உடைந்த ஊசித் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து 'புரோக்கன் நீடில்' பதிவேட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அதுவும் மூன்றாம் வடிவமே. தமிழில் 'உடைந்த ஊசி', 'நெய்த துணி' என்று பெயரெச்சம் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இது செய்கிறது. பிள்ளையிடம் இதை இப்படிச் சொன்னால் பத்தியின் பயன் கண்ணுக்குத் தெரியும்.

இன்னும் சில சொற்கள் தொழிலோடு ஒட்டியவை. துணி சுருங்குவது 'ஷ்ரிங்க்'. வாஷ் செய்ததும் சுருங்கியது என்றால் 'ஷ்ரேங்க்', சுருங்கியிருக்கிறது என்றால் 'ஹேஸ் ஷ்ரங்க்'. சாயம் கசிவது 'பிளீட்', கசிந்தது 'பிளெட்'. கிழிவது 'டேர்', கிழிந்தது 'டோர்', கிழிந்த பீஸ் 'டோர்ன்'. இதையே 'டியர்' என்று உச்சரித்தால் கண்ணீர் ஆகிவிடும், எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. நூல் சுற்றுவது 'வைண்ட்', சுற்றியது 'வவுண்ட்'. அதே எழுத்துகளை 'வூண்ட்' என்று படித்தால் காயம். தைப்பது 'ஸோ', அதை 'ஸ்யூ' என்று சொல்பவர்கள் ஏராளம். 'ஸோ, ஸோட், ஸோன்' என்பதே சரி. 'ஹேங்' என்பதற்குத் துணியைத் தொங்கவிட்டால் 'ஹங்'. மனிதனைத் தூக்கிலிட்டதற்கு மட்டும் 'ஹேங்ட்'. எனவே பீஸ்களை ஹேங்கரில் மாட்டினோம் என்று எழுதும்போது இ-டி சேர்த்துவிடாதீர்கள்.

கட்டிங் மேசையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பதை 'லே' என்கிறோம். விரித்தோம் என்பது 'லெய்ட்', மூன்றாம் வடிவமும் அதுவே. படுத்துக்கொள்வது 'லை', அதன் இறந்தகாலம் 'லே', மூன்றாவது 'லெய்ன்'. பொய் சொல்வதும் 'லை', ஆனால் அதன் இறந்தகாலம் 'லைட்'. ஒன்றின் முதல் வடிவம் இன்னொன்றின் இரண்டாம் வடிவமாக வருவதால் ஆங்கிலேயர்களே இதில் குழம்புகிறார்கள். நாம் குழம்பினால் தலைக்குனிவு ஒன்றுமில்லை.

'காஸ்ட்' மாறாத கூட்டம் என்று மேலே சொன்னோம். 'இவ்வளவு செலவாயிற்று' என்ற பொருளில் அது மாறாது. ஆனால் காஸ்டிங் ஷீட் போட்டு விலை கணக்கிட்டோம் என்ற பொருளில் வரும்போது 'காஸ்டட்' என்று எழுதுவதுதான் சரி. 'வீ காஸ்டட் திஸ் ஸ்டைல்' என்று எழுதிய மெர்ச்சண்டைசரைத் தவறு என்று திருத்தும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். 'நிட்' என்பதற்கும் 'நிட்', 'நிட்டட்' இரண்டும் செல்லும்.

ஒழுங்கான வினைகளிலும் ஒரு பொறி உண்டு. சாயமிடுவதும் 'டை', இறப்பதும் 'டை'. இறந்தகாலத்தில் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கும், எழுத்து வேறு. 'டையிங்' என்று எழுதும்போது சாயத்துக்கு நடுவில் இ இருக்க வேண்டும். அந்த இ விழுந்துவிட்டால் பெயர்ப்பலகை 'இறந்துகொண்டிருக்கும் தொழிற்சாலை' என்று ஆகிவிடும். நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நாட்களில் அந்தப் பிழையான பலகைகளே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தன. 'பேக்ட்' என்பதைப் 'பேக்கெட்' என்று சொன்னால் பொட்டலம். 'செக்ட்', 'வாஷ்ட்' எல்லாம் கடைசியில் வெறும் ட் ஒலிதான்.

'டிட்' வந்தால் முதல் பத்தி

நம் பிள்ளைகள் மட்டுமின்றிப் பட்டதாரிகளும் விழும் இடம் இது: 'ஐ டிட் நாட் வெண்ட்'. இதைத் திருத்த ஆங்கில விதியை ஒப்பிக்கச் சொல்வதைவிடத் தமிழையே காட்டுவது நல்லது. நேற்று நீ போனாயா என்று கேட்டால் 'போகவில்லை' என்கிறோம். 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'இல்லை' வந்ததும் வினை 'போக' என்று தன் பழைய உருவத்துக்குப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் 'டிட்' காலத்தைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே வினை முதல் பத்திக்குத் திரும்ப வேண்டும். 'டிட் நாட் கோ', 'டிட் யூ செண்ட்'. 'டிட் வெண்ட்' என்று கேட்கும்போதெல்லாம் 'போனவில்லை' என்று திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். சிரிப்போடு பிழையும் போய்விடும்.

ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் மூன்றாம் பத்தி. 'அனுப்பியிருக்கிறோம்' என்பதில் 'அனுப்பி' தனியே நின்றால் முற்றுப்பெறாது. 'இருக்கிறோம்' சேர்ந்ததும் நிறைவு பெறும். 'ஹேவ் சென்ட்' என்பதும் அப்படித்தான். 'அனுப்பப்பட்டது' என்பதற்கு 'வாஸ் சென்ட்'. இங்கும் மூன்றாம் பத்தியே. 'ஹேவ் வெண்ட்' என்பது பிழை. 'ஹேவ் கான்' வேண்டும். 'ஹேவ் ரோட்' பிழை. 'ஹேவ் ரிட்டன்' சரி.

இன்னொன்றும் மெயில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். 'வீ ஹேவ் சென்ட் எஸ்டர்டே' என்பது தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் மிகப் பரவலான பிழை. நாள் சொன்னால் இரண்டாம் பத்தி: 'வீ சென்ட் இட் எஸ்டர்டே'. நாள் சொல்லாமல் காரியம் முடிந்ததை மட்டும் சொன்னால் ஹேவ் போட்டு மூன்றாம் பத்தி: 'வீ ஹேவ் சென்ட் த சாம்பிள்ஸ்'. இந்த ஒரு வேறுபாடு கைவந்தால் அலுவலக ஆங்கிலத்தின் பெரும் பகுதி நேராகிவிடும்.

ஹிஃப்ளு பிள்ளைகள் செய்வது போல

எப்படி மனனம் செய்வது? நம் சமுதாயத்தில் பல நூற்றாண்டுகளாகச் சோதித்துப் பார்த்த முறை ஒன்று கையிலேயே இருக்கிறது. குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளை தினமும் மூன்று காரியம் செய்கிறது. சபக் என்ற புதுப் பாடம். கடந்த சில நாட்களில் ஓதியதைத் திரும்ப ஒப்பிப்பது. பழைய ஜுஸ்உகளைச் சுற்று முறையில் ஓதும் ஆமூக்தா. சில மதரஸாக்களில் மன்ஸில் என்பார்கள். புதிதை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் பழையது கழன்றுவிடும் என்பது எல்லா உஸ்தாதுகளுக்கும் தெரியும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1885இல் தம்மீதே சோதனை செய்து மறதியின் வேகத்தை அளந்து எழுதினார். இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே மனதில் நிற்கும் என்று இன்றைய கல்வியாளர்களும் சொல்கிறார்கள்.

வினைச்சொல்லுக்கும் அதையே செய்யுங்கள். நாளைக்கு ஐந்து புதிய வினை போதும். அவற்றை மூன்று வடிவமும் உரக்கச் சொல்லிப் பத்துத் தடவை. பிறகு முந்தைய ஒரு வாரத்தின் வினைகளை ஒரு தடவை. பிறகு பழையதில் ஒரு பக்கம். மொத்தம் இருபது நிமிடம். ஒரு மாதத்தில் ஏறக்குறைய நூற்று முப்பதைத் தொட்டுவிடலாம். இரண்டாம் மாதம் முழுக்க ஆமூக்தா மட்டும். வெள்ளிக்கிழமை புதுப் பாடம் வேண்டாம், ஒப்பிப்பது மட்டும் போதும்.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வீடு வரும் அத்தாவுக்கு இதற்கு நேரம் இராது. பெரும்பாலும் அம்மாதான் கேட்க வேண்டும். 'எனக்கு இங்கிலீஷ் தெரியாதே' என்று அம்மாமார்கள் ஒதுங்கத் தேவையில்லை. பிள்ளையின் நோட்டில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் பக்கத்திலும் தமிழில் உச்சரிப்பை எழுதச் சொல்லுங்கள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளை சொல்வதோடு ஒத்துப் பாருங்கள். வீட்டில் பிசிறு வெட்டிக்கொண்டே இதைக் கேட்கலாம். கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். ஓதத் தெரியாத தாய்மார்கள்கூட பிள்ளை ஓதும்போது எங்கே நிற்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதே கூர்மைதான் இங்கும் வேண்டும். ஒரு மாதத்தில் அம்மாவுக்கும் பாதி மனனமாகிவிடும் என்பது உபரி லாபம்.

ஆனால் ஒப்பிப்பதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. 'டேக், டுக், டேக்கன்' என்று பாட்டாகப் பாடும் பிள்ளைகள் வாக்கியத்தில் 'ஐ டேக்கட்' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். ஆகவே ஐந்து வினைக்கும் நேற்று நடந்த உண்மையான ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். 'நேற்று நன்னி வீட்டுக்குப் போனேன்', 'பரோட்டா சாப்பிட்டேன்', 'பஸ் தவறியது' என்று தமிழில் நீங்கள் சொல்ல, அவன் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பிறகு அதையே 'போகவில்லை' என்று மாற்றிக் கேளுங்கள். 'போயிருக்கிறேன்' என்று கேளுங்கள். மூன்று பத்தியும் ஒரு சுற்றில் வந்துவிடும்.

பிள்ளை 'பையிட்', 'கோட்' என்று புதிதாகச் சொல் செய்தால் அடிக்கவோ கேலி செய்யவோ வேண்டாம். ஆங்கிலேயக் குழந்தைகளும் மூன்று நான்கு வயதில் அப்படித்தான் சொல்கின்றன. குழந்தைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நிற்காமல் விதியையும் உள்வாங்குகின்றன என்பதை ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1958இல் கற்பனைச் சொற்களை வைத்துக் காட்டினார். விதி பிடிபட்டுவிட்டது, விலக்குதான் பாக்கி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பலாமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். பேசுவதற்குக் கூச்சம் தெளிய வகுப்பு உதவும். வினைப் பட்டியலை மனனம் செய்வதற்கு மட்டும் என்றால் அந்தப் பணம் வீண். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் ஆங்கிலப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில் மூன்று பத்திப் பட்டியலும் இருக்கும். வீட்டில் ஓர் அகராதி வாங்கி வையுங்கள்; சந்தேகம் வந்தால் அடுத்தவரிடம் கேட்கும் முன் அதைப் புரட்டும் பழக்கம் வரட்டும். பெண் பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடு வேண்டும். பனிரெண்டாம் வகுப்போடு வீட்டில் நிற்கும் பெண்கள் இன்று வீட்டிலிருந்தே மெயில் பார்க்கும் வேலைகளுக்கும் கணக்கு வேலைகளுக்கும் போகிறார்கள். ஆங்கிலத்தில் தடுமாறாத பெண்ணுக்கு அந்தக் கதவு எளிதாகத் திறக்கும்.

கடைசியாக, பையர் எந்த நாட்டவர் என்பதையும் பாருங்கள். நம் பாடநூல்கள் சொல்வது இங்கிலாந்து வழக்கு. 'லேர்ன்ட்' என்று டீ போட்டு நாம் எழுதுவதை அமெரிக்கர் இ-டி போட்டு எழுதுவார்; இரண்டும் சரியே. 'டைவ்' என்பதற்கு நாம் 'டைவ்ட்' என்போம், அவர் 'டோவ்' என்பார். 'கெட், காட், காட்' என்று நாம் படித்திருக்க, அவர் மூன்றாம் பத்தியில் 'காட்டன்' என்று எழுதுவார். நியூயார்க்கிலிருந்து 'வீ ஹேவ் காட்டன் த சாம்பிள்ஸ்' என்று மெயில் வந்தால் சாம்பிள் கிடைத்துவிட்டது என்று பொருள். பருத்தித் துணி கேட்கிறார் என்று நினைத்து மில்லுக்கு ஃபோன் போட வேண்டாம்.